அலர்ஜி உள்ள வீட்டுக்கு நாய் பார்ப்பது எப்படி? குமரி மாவட்டத்துக்கு ஏற்ற ஒரு வழிகாட்டி

"முடி கொட்டாது சார், அலர்ஜியே வராது." நாகர்கோவிலானாலும் மார்த்தாண்டமானாலும், சுருட்டை முடிக் குட்டி விற்கிற எவரும் முதலில் சொல்வது இதைத்தான். முதல் பாதி ஏறக்குறைய உண்மை. இரண்டாம் பாதிக்கு ஆதாரம் கிடையாது. பணம் கொடுக்கும் முன் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி ஏமாற்றம் தப்பும்.

அலர்ஜி தருவது முடி இல்லை. நாயின் எச்சில், தோலிலிருந்து உதிரும் பொடுகு, சிறுநீர் ஆகியவற்றில் இருக்கும் சில புரதங்கள்தான் காரணம். முதன்மையானதற்கு 'கேன் எஃப் 1' என்று பெயர். அது பெரும்பாலும் எச்சிலில் இருக்கிறது. நாய் உடம்பை நக்கும்போது முடியில் ஒட்டி, காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாகக் காற்றில் கலக்கிறது. எச்சிலும் தோலும் இல்லாத நாய் கிடையாது என்பதால், அலர்ஜியே தராத இனம் என்று ஒன்றும் கிடையாது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள், நாய் வளர்க்கும் 173 வீடுகளின் தரைத்தூசியைச் சோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். 'அலர்ஜி தராத' நாய் இருந்த வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் கேன் எஃப் 1 அளவில் வித்தியாசம் தெரியவில்லை. 2012-ல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போனது. பூடில், லேப்ரடூடில் (லேப்ரடார்-பூடில் கலப்பு) போன்ற, 'அலர்ஜி தராது' என்று பேர்பெற்ற இனங்களின் முடியில் இந்தப் புரதம் மற்ற நாய்களைவிட அதிகமாகவே இருந்தது. ஆனால் லேப்ரடூடில் இருந்த வீடுகளின் தரையில் படிந்த தூசியில் கொஞ்சம் குறைவு. காற்றில் வித்தியாசம் இல்லை. இதைவிட முக்கியம், ஒரே இனத்துக்குள் நாய்க்கு நாய் அளவு பெரிதும் மாறியது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் விஷயம் இவ்வளவுதான். முடி கொட்டாத நாயில் அந்தப் புரதம் முடியிலேயே தங்கிவிடுகிறது. சீவி, குளிப்பாட்டி அதை வெளியேற்ற ஆள் இருந்தால் லாபம். ஆள் இல்லையென்றால் அந்த இனத்துக்குக் கொடுத்த காசு வீண்.

முதலில் ஆளைச் சோதியுங்கள்

"நாய்க்கிட்ட போனா தும்மல் வருது" என்பவர்களில் பலருக்கு உண்மையான எதிரி வேறாக இருக்கும். நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. கடலோரக் காற்றின் ஈரத்தில் மெத்தைக்குள் தூசிப்பூச்சி ஆண்டு முழுவதும் செழிக்கும். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் இங்கே பெய்வதால் சுவரில் பூஞ்சை காய நேரமே கிடைப்பதில்லை. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகை, அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) அருகே வறுக்கும் புகை, தென்னந்தும்பு அடிக்கும் இடத்துத் தூசி, இவையும் இளைப்பைக் கிளப்பும். நாயே இல்லாத வீட்டில் விடியற்காலையில் தும்மல் அடுக்கடுக்காக வந்தால் முதலில் மெத்தையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆகவே குட்டி பார்க்கப் போகும் முன் அலர்ஜி மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பார்த்து சோதனை செய்துகொள்ளுங்கள். தோலில் துளி மருந்து வைத்துக் குத்திப் பார்க்கும் சோதனைக்கு 15 முதல் 20 நிமிடத்தில் விடை தெரியும். வெறும் நீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்தால் பாசிட்டிவ். செட்டிரிசின், லெவோசெட்டிரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரை போட்டிருந்தால் தடிப்பு வராது, விடை பொய்யாகிவிடும். ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எத்தனை நாள் என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கு இரத்தத்தில் ஐஜிஇ என்ற அலர்ஜி எதிர்ப்பொருளைப் பார்க்கும் சோதனை உண்டு. நாயோடு தூசிப்பூச்சி, பூஞ்சை, கரப்பான் இவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாய் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வருவது அரை வேலை.

நாய்க்குப் பாசிட்டிவ் வந்தால் இன்னொரு கேள்வி இருக்கிறது: எந்தப் புரதத்துக்கு? கேன் எஃப் 5 என்ற புரதம் ஆண் நாயின் புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவது. அது ஒன்றுக்கு மட்டும் ஒவ்வாமை உள்ளவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெட்டை நாய் பெரும்பாலும் தொந்தரவு தராது. விதை நீக்கிய ஆண் நாயிலும் இந்தப் புரதம் வெகுவாகக் குறையும். பெரிய ஆய்வகங்கள் இரத்த மாதிரியை வெளியூருக்கு அனுப்பி இந்தப் பிரிப்புச் சோதனையைச் செய்து தருகின்றன. செலவு கூடுதல்தான், ஆனாலும் செய்யலாம் என்பது எங்கள் கருத்து. மாதக்கணக்கில் இனம் தேடி அலைவதைவிட இந்த ஒரு தாள் அதிகம் சொல்லும்.

இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்களும் உண்டு. ஆஸ்துமாக்காரர் உடனடி நிவாரணத்துக்கான நீல நிற இன்ஹேலரை வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் இழுக்கிறார் என்றாலோ, இரவில் இளைப்பில் விழிக்கிறார் என்றாலோ, நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். அது கட்டுக்குள் வந்து சில மாதம் நிலைக்கட்டும், பிறகு நாயைப் பற்றிப் பேசலாம். "கூடவே இருந்தா பழகிரும்" என்று சொல்லிக் குழந்தையைத் தொடர்ந்து நாயோடு விடுவது சிகிச்சை ஆகாது. மூக்கில் நின்ற தொந்தரவு நெஞ்சுக்கு இறங்கவும் வழியுண்டு.

இனம் பார்க்கும்போது

இங்கே அதிகம் விற்பது ஷிட்சு. முடி குறைவாகத்தான் கொட்டும், நாலு முதல் ஏழு கிலோதான் எடை. ஆனால் சப்பை மூக்கு. நம் ஊர் ஏப்ரல், மே புழுக்கத்தில் மூச்சிரைக்கும். ஆகவே ஏசி அறைக்குள் கொண்டுவருவீர்கள். ஏசி அறை என்றால் கதவு சன்னல் சாத்திய அறை. அலர்ஜிக்காரர் தூங்குவதும் அங்கேதான். ஷிட்சு வாங்கி ஏமாறும் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

பூடில் அலர்ஜி வீட்டுக்குச் சரிவரலாம், ஆனால் கைவேலை கேட்கும். உதிர்ந்த முடி சுருளுக்குள்ளேயே சிக்கி நிற்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது அடிவரை சீப்பு இறங்க வேண்டும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கட்டையாக வெட்ட வேண்டும். குமரியில் முடியை நீளமாக விடுவது வீண் வேலை. மழைக்காலத்தில் அடிமுடி காயாமல் ஈரம் தேங்கினால் ஈஸ்ட் பூஞ்சை பிடிக்கும், தோல் எண்ணெய்ப் பிசுக்காகிச் செதில் செதிலாக உதிரும். தொங்கும் காதுக்குள்ளும் அதே கதை: புளித்த வாடை, கறுப்பு அழுக்கு. தோல் நோய் பிடித்த பூடில், ஆரோக்கியமான லேப்ரடாரைவிட அதிகப் பொடுகைக் கொட்டும். வாங்கும் முன் நாய்க்கு முடி வெட்டுகிறவர் உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார் என்று விசாரியுங்கள். இல்லையென்றால் கிளிப்பர் வாங்கி நீங்களே கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

மால்டீஸ், லாசா அப்சோ, பிஷான் ஃப்ரீஸ், மினியேச்சர் ஷ்னாசர் எல்லாம் இதே வரிசை, இதே நிபந்தனைகள். மால்டீஸ் சிறியது என்பதால் மொத்தப் பொடுகும் குறைவு. ஆனால் சின்ன நாய் மடியிலும் தலையணையிலும் வாழும். உடம்பின் அளவைவிட அது எங்கே படுக்கிறது என்பதுதான் கணக்கு.

லேப்ரடூடில் தனியாகச் சொல்ல வேண்டிய இனம். 1989-ல் ஆஸ்திரேலியாவின் ராயல் கைட் டாக்ஸ் அமைப்பில் வாலி கான்ரன் என்பவர், ஹவாயில் பார்வையற்ற ஒரு பெண்ணுக்காக லேப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். அந்தப் பெண்ணின் கணவருக்கு நாய் அலர்ஜி. பிறந்த மூன்று குட்டிகளின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில் ஒரே ஒரு குட்டிதான் அவருக்கு ஒத்துக்கொண்டது. கூடப் பிறந்தவற்றிலேயே இந்த நிலை என்றால், பேரை மட்டும் நம்பி வாங்குவதில் என்ன பயன்? இன்று இங்கே 'டூடில்' என்று விற்கும் கலப்பில் எந்தக் குட்டிக்கு எந்த முடி வரும் என்று விற்பவருக்கே தெரியாது. குட்டிமுடி மாறிப் பெரிய முடி வர ஆறு முதல் பத்து மாதம் ஆகும். அதற்குள் குடும்பமே ஒட்டிப்போயிருக்கும்.

தவிர்க்க வேண்டியவை: ஜெர்மன் ஷெப்பர்டு, லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், ஹஸ்கி, நம் வீடுகளில் பொமரேனியன் என்று அழைக்கும் வெள்ளை ஸ்பிட்ஸ். இவற்றுக்கு அடியில் பஞ்சு மாதிரி இரண்டாவது அடுக்கு முடி உண்டு. அது கொட்டும்போது எச்சிலையும் பொடுகையும் வீடெங்கும் கொண்டு சேர்க்கும். எச்சில் ஒழுகும் பாக்ஸர், செயின்ட் பெர்னார்டு, தோல் தொந்தரவு அடிக்கடி வரும் காக்கர் ஸ்பானியல், இவையும் வேண்டாம்.

நம் நாய்களை யாரும் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம், சாதாரண நாட்டு நாய் எல்லாவற்றுக்கும் குட்டை முடி. முடி கொட்டும், புரதமும் இருக்கும், அதில் சலுகை எதுவும் இல்லை. ஆனாலும் வீட்டைச் சுற்றி விளையோ தோட்டமோ இருப்பவர்களுக்கு இவற்றைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வோம். குளிப்பாட்டினால் துவர்த்தால் (துண்டால்) துடைத்த சற்று நேரத்தில் காய்ந்துவிடும். தோலில் சொறியோ உண்ணியோ வந்தால் உடனே கண்ணில் படும். வெக்கை தாங்கும் என்பதால் வராந்தாவிலும் முற்றத்திலும் நிம்மதியாக வாழும், படுக்கையறைக்குள் வர வேண்டிய அவசியமே இல்லை. எச்சரிக்கைகளும் உண்டு. சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் தினமும் ஓட இடம் வேண்டும். ராஜபாளையத்தை அடக்கி வளர்க்கத் தெரிந்த கை வேண்டும், அதன் குட்டிகளில் காது கேளாமை உண்டு என்பதால் பின்னாலிருந்து கை தட்டிப் பார்த்து வாங்க வேண்டும். நாலு சென்ட் வீட்டில் மாடியில் கட்டிப்போடுவதற்கு இவை எதுவும் ஆகாது.

குறிப்பிட்ட அந்த நாயைச் சோதிப்பது

இனம் முடிவானாலும் வாங்குவது இனத்தை அல்ல, ஒரு நாயை. முடிந்தால் ஒரு வயது தாண்டிய நாயாகப் பாருங்கள்; முடியும் குணமும் தெரிந்திருக்கும். குட்டிதான் வேண்டும் என்றால் தாயோடும் தகப்பனோடும் உட்கார்ந்து பாருங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017-ம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதி. அதற்கு முன்பே கொடுக்கிறேன் என்பவரிடம் வேறு எதையும் நம்பி வாங்க வேண்டாம். இளைப்பு வந்த வரலாறு இருந்தால் கீழே சொல்வதை மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

1. முதல் தடவை துவர்த்துச் சோதனை. வெந்நீரில் துவைத்துக் காய்ந்த பருத்தித் துவர்த்தால் நாயின் முதுகு, கழுத்து, வாய் ஓரம் எல்லாம் நன்றாகத் தேய்த்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். அலர்ஜிக்காரர் பகல் நேரத்தில், வீட்டில் வேறு ஆள் இருக்கும்போது, அரை மணி நேரம் அருகில் வைத்துப் பார்க்கட்டும். கண் அரிப்பு, தும்மல் உடனே வந்தால் அந்த நாய் வேண்டாம்.

2. அது தாண்டினால் நேரில் போய் மூடிய அறையில் நாயோடு ஒரு மணி நேரம். தடவிக்கொடுத்து, கையை நக்கவிட்டு, கழுவாமல் கால் மணி நேரம் பார்க்கவும். அந்தக் கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாது. நக்கிய இடம் தடித்துச் சிவந்தால் அதுவே விடை.

3. சில நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு தடவையாவது போக வேண்டும். ஒன்று மழை நாளாக இருக்கட்டும். அன்றைக்கு அலர்ஜி மாத்திரை போடக் கூடாது. போட்டால் எந்த நாயும் ஒத்துக்கொண்டது போலத்தான் தெரியும். இரவு வரை கவனியுங்கள். சிலருக்கு மூக்கடைப்பும் நெஞ்சு இறுக்கமும் பல மணி நேரம் கழித்துத்தான் வரும்.

விற்பவர் வீட்டில் வேறு நாய்களும் இருந்தால் இரண்டாம் சோதனை கெட்டுவிடும். அப்போது நாயை மட்டும் வேறு வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வாங்கும் முன் நாயின் தோலையும் பிரித்துப் பாருங்கள். வயிற்றடி, அக்குள், வால் அடி, விரலிடை இவை சிவந்திருந்தாலோ செதில் உதிர்ந்தாலோ முதலில் சிகிச்சை, பிறகு வியாபாரம். இரண்டு வாரத்துக்குள் ஒத்துக்கொள்ளாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மறுத்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

வீடும் குளியலும்

நாய் வரும் முன்பே படுக்கையறை வாசலில் தடுப்பு வைத்துவிடுங்கள். பின்னால் வைத்தால் நாய் ஒத்துக்கொள்ளாது, பிள்ளைகளும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். இலவம்பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்க நெசவு உறை போட்டு, விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் தூசிப்பூச்சியும் சாகும், நாயின் புரதமும் போகும். தரையைக் காய்ந்த விளக்குமாறால் பெருக்கினால் தூள் எழும்பி மணிக்கணக்கில் மிதக்கும். ஈரத் துணியால் துடையுங்கள். மின்விசிறி இறக்கையையும் மறக்க வேண்டாம், தூளைப் பரப்புவது அதுதான்.

காற்று சுத்திகரிப்பான் வாங்கினால் நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதாக இருக்க வேண்டும். அளவுக்கு ஒரு கணக்கு: 10 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் ஏறத்தாழ 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று மாற, பெட்டியில் சிஏடிஆர் (ஒரு மணி நேரத்தில் தரும் சுத்தமான காற்றின் அளவு) 170 கன மீட்டராவது போட்டிருக்க வேண்டும். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அதை ஓட்டினால் மின்கட்டணம் மட்டும்தான் மிச்சம்.

குளியல்தான் எல்லாவற்றிலும் பலன் தருவது, ஆனால் பலன் சில நாளுக்குத்தான். குளிப்பாட்டினால் முடியில் கேன் எஃப் 1 நன்றாகக் குறைகிறது, மூன்று நாளில் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. எனவே வாரம் இரண்டு முறை. மனிதர்களின் ஷாம்பூ, துணி சோப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம். தோல் வறண்டு பொடுகு இரட்டிப்பாகும். நாய் ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து, வெதுவெதுப்பான நீரில் அடிமுடி வரை நனைத்து, ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். ஈத்தாமொழி, ராஜாக்கமங்கலம் மாதிரி கடலோரப் பகுதியில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் பிடித்து வையுங்கள். பிறகு முழுக்கக் காய வேண்டும். நீளமுடி நாய் என்றால் மழை நாளில் ஊதும் கருவி இல்லாமல் ஆகாது. வாரம் இரண்டு குளியலில் தோல் வறண்டால் ஒன்றைக் குறைத்து, இடையில் ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். குளிப்பாட்டுவதும் சீவுவதும் அலர்ஜி இல்லாதவர் வேலை, அதுவும் வீட்டுக்கு வெளியே. அப்படி ஒருவர் வீட்டில் இல்லையென்றால் நாய் வேண்டுமா என்பதையே மறுபடி யோசிக்க வேண்டும்.

சாப்பாட்டில் ஒரு சின்ன விஷயம். முள் எடுத்து உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த சாளை வாரத்தில் இரண்டு நாள் கொடுத்தால் தோலுக்கு நல்லது. வெறும் சோறும் மரச்சீனியும் தின்று வளரும் நாயின் முடி மங்கி, தோல் செதிலாவதைப் பல வீடுகளில் காணலாம். உண்ணி மருந்தைத் தவறவிடாதீர்கள். சொறிந்து புண்ணான தோல் பொடுகுக் கிடங்கு. வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு, நம் மாவட்டத்து மழைக்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் சேர்த்துப் போடச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒத்துவராவிட்டால்

முதல் மாதம் ஒரு நோட்டில் தும்மல், கண் அரிப்பு, இன்ஹேலர் எண்ணிக்கை, இரவில் விழித்தது இவற்றை நாள்வாரியாகக் குறித்து வாருங்கள். மூக்கோடு நின்றால் மருத்துவர் தரும் மூக்கு ஸ்பிரேயோடு சமாளிக்கலாம். இன்ஹேலர் எண்ணிக்கை ஏறினாலோ மூச்சு விசிலடித்தாலோ நாயை அன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு மருத்துவரிடம் போங்கள். நாய் போன பிறகும் வீட்டில் படிந்த புரதம் பல மாதம் நிற்கும். ஒரு வாரத்தில் சரியாகவில்லை என்பதற்காக 'நாய் காரணமில்லை' என்று முடிவுகட்ட வேண்டாம். மெத்தை உறை, சோபா, திரைச்சீலை, விசிறி எல்லாவற்றையும் கழுவித் துடைத்தால் நாள் குறையும். நாயை மாற்ற நேர்ந்தால் யார் வீட்டில் விடுவது என்பதை வாங்கும் முன்பே பேசி, அவர்கள் வீட்டாரின் சம்மதத்தையும் கேட்டு வையுங்கள். கடற்கரையிலும் சந்தைப் பக்கத்திலும் கழுத்துப் பட்டையோடு திரியும் ஷிட்சுகள் இந்த ஒரு பேச்சு நடக்காத வீடுகளிலிருந்து வந்தவைதான்.